மூட்டத்துக்குள் சூப்பர்வைசர்

பாறையாக இருந்தால் அசையாது, காட்டுமாடாக இருந்தால் எப்போதாவது அசைந்துதானே ஆகவேண்டும் என்று ஜெமீமா காத்துக் கிடந்தாள். தேயிலைக்கு மேலே, மூட்டத்துக்குள், கறுப்பென்றும் சொல்ல முடியாமல் சாம்பலென்றும் சொல்ல முடியாமல் ஒரு திட்டு. அவ்வளவுதான் தெரிந்தது. மிச்சமெல்லாம் வெள்ளை. மலை எங்கே முடிந்தது, வானம் எங்கே ஆரம்பித்தது என்று யாராவது கேட்டால் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வா என்றுதான் சொல்ல வேண்டும். ஆடி மாதம் வால்பாறைக்கு மேலே இதுதான் கதை; மழை விட்டால் மூட்டம், மூட்டம் விட்டால் மழை, இரண்டுக்கும் நடுவில் காயப்போட்ட துணி கொடியிலேயே கிடந்து நாறும். வடிகால் ஓரத்தில் ஒரு கல்மேல் உட்கார்ந்திருந்தாள். கல்லின் ஈரம் உரச் சாக்கைத் தாண்டி, பேண்ட்டைத் தாண்டி ஏறிவிட்டது. மடியில் கேமரா. அதன்மேல் பால் கவரைக் கிழித்து ஒட்டிய உறை, அதற்கும் மேலே அப்பாவின் துண்டு. கணுக்காலில் ஏதோ குறுகுறுத்தது. அட்டை. குனிந்தால் துண்டு நழுவும், துண்டு நழுவினால் கேமரா நனையும், கேமரா நனைந்தால் ஸ்டுடியோக்காரர் குணசீலன் அண்ணன் ஆளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். குடித்துவிட்டுப் போகட்டும். எவ்வளவு குடித்துவிடும்? ஒரு அட்டைக்காக எழுந்திருக்க முடியாது. இன்றைக்கு முடியவே முடியாது. இன்றைக்கு ஆடி கடைசி.

ஆடியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை, கல்யாணம் இல்லாததால் ஸ்டுடியோவில் வேலையில்லை, வேலையில்லாததால் கேமரா அவள் கையில். ஊரில் இருக்கிற பெண்களெல்லாம் ஆடி எப்போது தொலையும் என்று பார்த்துக்கொண்டிருக்க, இவள் ஒருத்திதான் ஆடிக்கு இன்னொரு மாதம் சேர்த்துக் கொடுத்தால் என்ன என்று நினைத்தவள். நாளைக்கு ஆவணி பிறந்தால் கேமரா பொள்ளாச்சி இறங்கிவிடும், மண்டபம் மண்டபமாக ஏறிவிடும், மாலையும் கழுத்துமாக நிற்கிற ஜோடிகளைத் தவிர அதற்கு வேறெதுவும் கண்ணில் படாது. குணசீலன் அண்ணன் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் ஒரே முட்டாக முட்டிவிட்டு வந்திருக்கலாம். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு எஸ்டேட் லைன் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தவளை, "சும்மாதான இருக்கிற கண்ணு, கடைக்கு வந்து பாஸ்போர்ட் போட்டோவாவது வெட்டிக் குடு" என்று கூப்பிட்டவர் அவர்தான். லென்ஸைத் துடைக்கச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். ஆனால் அந்த மனுஷனுக்குக் காலியிடத்தைக் கண்டால் ஆகாது. ஆல்பத்தில் ஒரு மூலை சும்மா இருந்தால் அங்கே ஒரு ரோஜா, ரோஜாவுக்குள் பொண்ணு முகம், பொண்ணு முகத்துக்குப் பக்கத்தில் ஒரு புறா. போன வைகாசியில் மேல் டிவிஷன் செல்வின் கல்யாணத்துக்கு, நல்ல மூட்டத்தில் சர்ச் வாசலில் நின்ற ஜோடியை வெட்டி எடுத்துச் சுவிட்சர்லாந்தில் கொண்டுபோய் வைத்தார். மலையில் பிறந்து மலையில் கல்யாணம் பண்ணுகிறவனுக்கு எதற்கண்ணா இன்னொரு மலை என்று இவள் கேட்டாள். "நம்ம மலைல ஒண்ணும் தெரியலியே கண்ணு, பூராவும் பொகை" என்றார்.

ஒண்ணும் தெரியலியே. இந்த ஆடியில் அவளுக்கு ஒழுங்காக வந்த முதல் படத்தைப் பார்த்தும் அதையேதான் சொன்னார். ஒரு இருவாச்சிப் பறவை. கிளை வெட்டிய ஒரு சில்வர் ஓக்கின் உச்சியில், மூட்டத்துக்குள், தனியாக. மரம்கூடப் பாதிதான், அடிப்பக்கம் வெள்ளையில் கரைந்துவிட்டது. அலகு இருக்கிற திசை மட்டும் தெரியும். அதை எடுத்த அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் கடைக்குப் போனால் கம்ப்யூட்டரில் நீல வானம். ஒரு பெரிய நிலா. பகலில், பறவைக்குப் பின்னால், சட்டி மாதிரி ஒரு நிலா. கீழே புல்வெளி, அதில் இரண்டு புள்ளிமான். இந்த உயரத்துக்குப் புள்ளிமான் டிக்கெட் எடுத்துத்தான் வரவேண்டும். அதோடு விட்டாரா? பிரிண்ட் போட்டுக் கடை முகப்பில் மாட்டி, ஓரத்தில் 'படம்: ஜெமீமா' என்று தங்க எழுத்தில் வேறு. ஊரே நின்று பார்த்தது. டீக்கடைக்காரர் இலவசமாக ஒரு பன் கொடுத்தார். பாஸ்டர் ஜெபத்தில் அவள் பேரைச் சொல்லி ஆண்டவருக்கு நன்றி சொன்னார். "இது நான் எடுக்கலை" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். "அடக்கத்தைப் பாரு புள்ளைக்கு" என்று சிரித்துவிட்டுப் போனார்கள். திட்டு வாங்கியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். செய்யாததற்குப் பாராட்டு வாங்குவது செய்யாததற்கு அடி வாங்குவதைவிட மோசம். அடியென்றால் அழவாவது செய்யலாம். அந்தக் கடைவாசலைத் தாண்டும்போதெல்லாம் எதிர்ச்சாரிக்குப் போய் நடந்தாள். எதிர்ச்சாரியிலிருந்து பார்த்தால்தான் படம் நன்றாகத் தெரிகிறது, அதுவேறு.

அதனால் இன்றைக்கு ஒன்று. ஒன்றே ஒன்று. யார் கையும் படாத ஒரு படம். அது கிடைத்தால் போதும், அப்புறம் கேமரா ஆவணிக்கே போகட்டும். கீழே ஆற்றோரம் புதிதாகத் திறக்கப்போகிற ரிசார்ட்டுக்காரர்கள் சுவருக்குப் படம் கேட்டிருக்கிறார்கள் என்றும், ஒரு காட்டுமாடு முகம் காட்டி, கொம்பு காட்டி, முறைக்கிற மாதிரி இருந்தால் தேவலை என்றும் அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தார். முறைக்கிற மாதிரி. நானே போய் நிற்கட்டுமா, கொம்பு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று வாய்வரை வந்தது. வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டாள். கேமரா வேண்டுமே.

திட்டு அசைந்தது. அசைந்ததா? மூட்டம் நகர்ந்தால் பாறையும் நகர்கிற மாதிரித்தான் இருக்கும். இல்லை, அசைந்தது, திட்டின் ஒரு ஓரத்தில் ஒரு காது விசிறி மாதிரி ஒரு தடவை மடங்கி விரிந்தது. விரிந்த காதில் ஒரு கிழிசல். ஐயோ, சூப்பர்வைசர். கொழுந்து பறிக்கிற பெண்கள் வைத்த பேர். கூட்டத்தோடு சேராமல் தனியாகத் திரிகிற கிழட்டுக் காளை. பறிக்கிற இடத்துக்கு மேலே வந்து நின்று, ஒரு வேலையும் செய்யாமல், எல்லாரையும் பார்த்துக்கொண்டே இருக்கும். "சூப்பர்வைசர் வந்தாச்சு, கையைக் காட்டுங்கடி" என்று சிரிப்பார்கள். சிரிப்பெல்லாம் ராஜம்மாக்காவின் வீட்டுக்காரர் இடுப்பு உடையும் வரைக்கும்தான். அது சூப்பர்வைசர்தான் என்று சிலர், இல்லை வேறு மாடு என்று சிலர். மூட்டத்தில் யார் பார்த்தது? அவரே பார்க்கவில்லை. செடிக்கு நடுவே குறுக்குவழியில் வந்தவர் சுவரில் மோதிவிட்டோம் என்று நினைத்தாராம். சுவர் மூச்சு விட்டதாம். ஆஸ்பத்திரியில் அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னாராம், சுவர் மூச்சு விட்டுச்சு, சுவர் மூச்சு விட்டுச்சு. ஜெமீமா தனக்கும் அதற்கும் நடுவில் எத்தனை வரிசைச் செடி என்று எண்ணப் பார்த்தாள். பாதிக்கு மேல் வெள்ளை தின்றுவிட்டது. ஓடுவதென்றால் எந்தப் பக்கம்? வடிகால் வழியாகக் கீழே. வழுக்கும். வழுக்கினால் கேமரா. முதலில் கேமரா ஞாபகம் வந்தது, அப்புறம்தான் இடுப்பு ஞாபகம் வந்தது. சீ, என்ன பொண்ணுடி நீ. பயமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல என்ன இருக்கிறது. பயம் பாட்டுக்குப் பயம் இருக்கட்டும், அவளும் இருந்தாள்.

மூட்டம் கொஞ்சம் தூக்கியது. நாலு காலும் தெரிந்தன, முழங்காலுக்குக் கீழே பளிச்சென்று வெள்ளை, சாக்ஸ் போட்ட மாதிரி. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி நிற்கிறதாக்கும். அவள் வெள்ளை சாக்ஸைக் கழற்றி எறிந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஏன் விட்டாய், ஏன் விட்டாய் என்று கேட்காத வாய் கிடையாது. பெரிய காரணமாக எதிர்பார்க்கிறார்கள். காதலா, அடியா, பணமா. ஒன்றும் கிடையாது. பிடிக்கவில்லை. வேதியியல் பரீட்சையில் ஒரு பெரிய கேள்விக்கு நாலு வரியில் பதில் எழுதினாள். சரியான பதில். மிஸ் பேப்பரைத் தூக்கிக் காட்டி, "விடை சரிதான், ஆனா இவ்வளவு வெள்ளைப் பேப்பரை விட்டா எவன் மார்க் போடுவான்? மூணு பக்கம் நிரப்பணும்" என்றார். "நாலு வரியில முடிஞ்சிருச்சு மிஸ்." "முடிஞ்சாலும் எழுதணும். தெரிஞ்சதைத் திருப்பித் திருப்பி எழுது, கலர் பேனால அடிக்கோடு போடு, படம் வரை." பக்கத்தில் இருந்த ஹெலன் அடிஷனல் ஷீட் வாங்கி, நூல் கட்டி, அதே நாலு வரியை ஏழு விதமாக எழுதி முழு மார்க் வாங்கினாள். ஹெலன் இப்போது கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிறாள். நல்லா இருக்கட்டும். இவளுக்கு அன்றைக்கு ஏதோ அறுந்தது. உடனே ஒன்றும் விடவில்லை. கொஞ்ச நாள் போனாள், பஸ்ஸில் தூங்கினாள், ஒருநாள் போகவில்லை, மறுநாளும் போகவில்லை. அவ்வளவுதான். அப்புறம்தான் வேடிக்கை. ஒரு பொண்ணு சும்மா இருக்கிறாள் என்றால் ஊருக்குக் கை அரிக்கும். பஸ்ஸில் காலி சீட்டில் துண்டு போடுகிற மாதிரி ஆளாளுக்கு வந்து போட்டார்கள். தையல் கிளாஸ் சேர்த்துவிடு என்று ஒருத்தர். திருப்பூருக்கு அனுப்பு என்று ஒருத்தர். அத்தை மகன் இருக்கானே என்று அம்மாவின் காதில் ஒருத்தர். எவரும் இவள் என்ன நினைக்கிறாள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளிடம் பதில் இருந்திருக்காது. காலியாகத்தான் இருந்தாள். இருந்தால் என்ன?

வலதுபக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், பெண்கள் பேசுவது கேட்டது. மூட்டத்தில் ஆள் தெரியாது, பேச்சு மட்டும் காதுக்குப் பக்கத்திலேயே நிற்கும். இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் தாள் சரசரத்தது.

"உன் மக எங்கடி, விக்டோரியா?"

"அந்தக் கருமத்தை ஏன் கேக்குற. மாட்டைப் போட்டோ புடிக்கப் போயிருக்கா."

"மாடு சரின்னு சொல்லிருச்சா?"

"வரதட்சணை என்னான்னு கேட்டுச் சொல்லு, எம் பொண்ணையும் அனுப்புறேன்."

சிரிப்பு. அம்மாவும் சிரித்தாள். அம்மா சிரிப்பது கேட்டுச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. அம்மா அப்புறம் குரலை இறக்கினாள், இறக்கினாலும் மூட்டம் கொண்டுவந்து போட்டது. "வயசுப் புள்ள காட்டுக்குள்ள தனியா... சொன்னாக் கேட்டாத்தானே. நெஞ்சு அடிச்சுக்கிட்டே கெடக்கு எனக்கு." ஜெமீமா உதட்டைக் கடித்துக்கொண்டாள். இந்தா, முப்பது எட்டு வைத்தால் வந்துவிடுவேன், இங்கேதான் இருக்கிறேன் என்று கூப்பிட்டுச் சொல்லலாம். கூப்பிட்டால் மாடு போய்விடும். கூப்பிடவில்லை. மன்னிச்சுக்கோம்மா என்று நினைத்தாள், நினைத்த கையோடு துண்டை விலக்கினாள்.

கேமராவைத் தூக்கிக் கண்ணில் வைத்ததும் அது தடுமாற ஆரம்பித்தது. மூட்டத்தில் பிடிமானம் கிடைக்காமல் லென்ஸ் முன்னே போய், பின்னே வந்து, மறுபடி முன்னே போய், டர் டர் என்று தேடியது. இருட்டில் சுவிட்ச் தேடுகிற கை மாதிரி. கிட்டே இருக்கிற தேயிலை இலையைப் பிடித்து, அதுவும் இல்லை என்று விட்டு, ஒன்றுமே இல்லாத வெள்ளையைப் போய்ப் பிடிக்கப் பார்த்தது. நீ கழன்றுகொள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அதை நிறுத்திவிட்டு விரலால் வளையத்தைத் திருப்பினாள். திட்டு முதுகானது. முதுகின் கோடு மட்டும், கழுத்துக்குப் பின்னால் எழும்பி, மெதுவாக இறங்கி, வாலுக்குப் போகாமல் வெள்ளைக்குள் நின்றுவிட்ட ஒரு கோடு. தலை குனிந்திருந்தது. முகம் கிடையாது. கொம்பு கிடையாது. முறைப்பு கிடையாது. இன்னொன்று பாக்கி. கேமராவுக்கு வெள்ளையைக் கண்டால் பயம். எவ்வளவு வெள்ளையைக் காட்டினாலும் அதைச் சாம்பலாக்கி, அழுக்குத் துணி மாதிரித்தான் கொடுக்கும். முதல் இரண்டு வாரம் அவள் எடுத்ததெல்லாம் சாம்பல். பார்த்ததை எடுத்தாள், வந்தது வேறு. கண்ணுக்குத்தான் கோளாறோ என்று இருந்தாள். வெளிச்சம் காட்டுற முள் நடுவில்தான் நிற்கணும் கண்ணு, நடுவைத் தாண்டினா படம் வெந்து போயிரும் என்று குணசீலன் அண்ணன் சொல்லியிருந்தார், கல்யாணத்துக்கு அது சரி, கல்யாணத்தில் எவன் மூட்டத்தில் நிற்கிறான். ஒருநாள் கோபத்தில் நடுவைத் தாண்டி முள்ளைத் தள்ளினாள். வெந்து போகவில்லை. வெள்ளை வெள்ளையாக வந்தது. அன்றைக்கு அவளுக்கு ஏற்பட்ட சந்தோஷம் எந்த மார்க் ஷீட்டிலும் ஏற்பட்டதில்லை. இப்போதும் தள்ளினாள். கேமரா கூடாது கூடாது என்று உள்ளே ஏதோ மினுக்கியது. கூடும் என்று இன்னும் கொஞ்சம் தள்ளினாள்.

மாட்டை நடுவில் வைக்கவில்லை. கீழே, இடது மூலைக்குப் பக்கத்தில் வைத்தாள். மேலே எல்லாம் காலி. சும்மா காலி இல்லை, மழை முழுக்க அங்கே இருந்தது, காலையிலிருந்து அவள் உட்கார்ந்திருந்த குளிர் அங்கே இருந்தது, சுவர் மூச்சு விட்ட பயம் அங்கே இருந்தது, அம்மாவின் குரல்கூட அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அதையெல்லாம் எடுக்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அதற்கெல்லாம் இடம் விடலாம். மூச்சைப் பிடித்தாள். கண்ணில் வியர்வையா தூறலா தெரியவில்லை. காது ஒரு தடவை மடங்கியது, விரிந்தது. அமுக்கினாள். ஒரே ஒரு தடவை. அடுத்து ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று விரல் போனது. அதற்குள் மூட்டம் இறங்கிக் கோடு போய்விட்டது, திட்டு மட்டும் மிச்சம். துண்டைத் தலைக்குமேல் முக்காடாகப் போட்டுக்கொண்டு பின்பக்கத் திரையைப் பார்த்தாள். இருந்தது. பார்த்தது அப்படியே இருந்தது. யாரோ ஒரு வெள்ளைத் தாளில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, போதும் என்று பேனாவை மூடி வைத்த மாதிரி. அழுகிற ஜாதி இல்லை அவள். ஆனாலும் துண்டுக்குள் யார் பார்க்கப்போகிறார்கள்.

பின்னால் செருப்புச் சத்தம். வழுக்கி, செடியைப் பிடித்து, "அய்யோ ஆத்தா" என்று முனகி, குணசீலன் அண்ணன் வந்து சேர்ந்தார். தலையில் ஹெல்மெட், இடுப்புவரை சேறு. "போன் எடுக்க மாட்டியா கண்ணு? நாளைக்குப் பொள்ளாச்சில முகூர்த்தம், நான் இப்பவே எறங்கோணும், கேமராவைக் குடு. ரோட்டுல வண்டியப் போட்டுட்டு ஒரு கிலோமீட்டர் நடந்து வரேன்." அவர் கூவிக்கொண்டே வர, ஜெமீமா வாயில் விரலை வைத்து முன்னால் காட்டினாள். அண்ணன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "எங்க? ஒண்ணும் தெரியலியே... ஆத்தாடி, ஆமா. அப்புடியே திரும்பிப் பாத்துச்சுன்னா ஆளு சும்மா கிண்ணுனு இருப்பானே." சொல்லிவிட்டு அவள் தடுப்பதற்குள் கையைத் தட்டினார். மண்டபத்தில் தூங்கி வழிகிற மாப்பிள்ளையைக் கேமரா பக்கம் திருப்பத் தட்டுவாரே, அதே தட்டு. இரண்டு தட்டு. நாக்கை மடக்கி ஒரு சத்தம்.

திட்டு எழுந்தது. எழுந்துகொண்டே இருந்தது. தலை வந்தது, கொம்பு வந்தது, இரண்டு கண் வந்தது, மூட்டம் வேண்டுமென்றே வழிவிட்ட மாதிரி விலக, முகத்தோடு முகமாக, ரிசார்ட்டுக்காரன் கேட்டது அப்படியே வந்து நின்றது. "எடு, எடு, எடு" என்று அண்ணன் காதுக்குள் கிசுகிசுத்தார். "எடு கண்ணு, போயிரப் போவுது." கேமரா நெஞ்சில் கிடந்தது. அவள் கை அதைத் தூக்கவில்லை. தட்டிக் கூப்பிட்டு வந்த முகம், அது என் படம் இல்லை என்று நினைத்தாளா, நினைக்க நேரம் இருந்ததா, தெரியாது. கை தூக்கவில்லை, அவ்வளவுதான். மாடு புஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டது. கிசுகிசுப்பு நின்றது. அண்ணன் அவள் தோளைப் பிடித்திருந்த பிடியில் எலும்பு வலித்தது. ஓடாதீங்க, ஓடாதீங்க என்று அவள் உதட்டை அசைக்காமல் சொன்னாள். மூன்று பேரும் நின்றார்கள். அப்புறம் மாடு, இவர்களிடம் பார்க்க ஒன்றும் இல்லை என்று முடிவு செய்த மாதிரி, தலையைத் திருப்பி, சாக்ஸ் போட்ட காலை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்து மேலே ஏறி மறைந்தது. செடி ஒடிகிற சத்தம் கொஞ்சநேரம் கேட்டது.

"ஏன் எடுக்கல?" அண்ணனுக்கு இன்னும் மூச்சு வாங்கியது. "உசுரக் கையில புடிச்சுட்டு நிக்கறேன், வாக்கா வந்து நிக்குது, ஏன் எடுக்கல?"

"முன்னாடியே எடுத்துட்டேன்."

"காட்டு."

காட்டினாள். அவர் கண்ணாடியைச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். திரையைப் பெரிதாக்கினார், சின்னதாக்கினார். முகத்தைத் தேடுகிறார் என்று தெரிந்தது. "செரி," என்றார், "பரவால்ல. எடம் நெறைய இருக்கு. மேல வானத்தப் போட்டுக்கலாம், இந்தப் பக்கம் ஒரு அருவி. கொம்புக்கு என்கிட்ட வேற மாடு இருக்கு, தலைய மட்டும் வச்சுக்கலாம்."

"வேண்டாம்ண்ணா."

"என்ன வேண்டாம்?"

"எதையும் போட வேண்டாம். இப்படியே குடுங்க. இல்லைன்னா குடுக்காதீங்க."

"வெள்ளைப் பேப்பர வாங்கி அவங்க என்ன கண்ணு பண்ணுவாங்க? பொட்டலம் கட்டறதா?" சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து அவரும் நிறுத்தினார். "பாரு, உன் பேரு பெருசாப் போடறேன். அடுத்த ஆடிக்கும் கேமரா உனக்குத்தான். ஆனா இதுல என் இஷ்டத்துக்கு விட்டுரு. முடியாதுன்னா சொல்லிரு, அடுத்த ஆடிக்கு எம் படியேறாத. கேமரா என்னுது, கார்டு என்னுது. நானா இருக்கங்காட்டி உன்கிட்டக் கேட்டுட்டு நிக்கறேன்."

அது உண்மைதான். கேமரா அவருடையது, கார்டு அவருடையது, பிடுங்கிக்கொண்டு ஓடினால் திருட்டு. திருடி என்ற பேரும் வேண்டாம், தங்க எழுத்துப் பேரும் வேண்டாம். ஒரு படம் கேட்டேன், ஒன்றே ஒன்று கேட்டேன். இவர் கொண்டுபோவார், அருவி விடுவார், யாரோ ஒரு மாட்டின் தலையை என் மாட்டுக்கு ஒட்டுவார், ஊர் நின்று பார்க்கும், பாஸ்டர் ஜெபம் பண்ணுவார். அந்தக் கோட்டுக்கு மேலே அருவி. அந்தக் குளிருக்கு மேலே அருவி. அவர் கையிலிருந்த கேமராவை மெதுவாக வாங்கினாள். அவரும் கொடுத்தார், இன்னொரு தடவை பார்க்கிறாள் என்று நினைத்திருப்பார். பார்க்கத்தான் செய்தாள். கோடு ஏறும் இடம், கோடு இறங்கும் இடம், வெள்ளைக்குள் நிற்கும் இடம். கண்ணை மூடினாலும் வருகிறதா என்று மூடிப் பார்த்தாள். வந்தது. குப்பைத்தொட்டி போட்ட பொத்தானை அமுக்கினாள். அழிக்கட்டுமா என்று கேமரா கேட்டது. பரவாயில்லை, இதுவாவது கேட்கிறது. விரல் ஒரு நொடி நின்றது. இனி இதை ஒருத்தரும் பார்க்கப்போவதில்லை, அம்மாகூடப் பார்க்கப்போவதில்லை. ஆம் என்று அமுக்கினாள்.

திரையில் அதற்கு முந்தைய படம் வந்தது, ஏதோ ஒரு வேலிக்கம்பி.

"ஏய்," என்றார் குணசீலன் அண்ணன். கேமராவைப் பிடுங்கி முன்னே தள்ளினார், பின்னே தள்ளினார். வேலிக்கம்பி, இலை, வேலிக்கம்பி. "ஏய், என்ன பண்ணித் தொலைச்ச? எங்க அது?" அவள் பால் கவரை மடித்தாள், துண்டை உதறினாள். அவர் கொஞ்சநேரம் அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் மாடு நின்ற பக்கம் பார்த்தார், அங்கே வெள்ளையைத் தவிர எதுவும் இல்லை. ஹெல்மெட்டைக் கழற்றினார். கோபத்தில் கத்துவார் என்று அவள் காத்திருந்தாள், அவருடைய குரல் ஏனோ எழும்பவில்லை.

"பைத்தியக்காரப் புள்ள. நல்ல படம் கண்ணு அது."

"தெரியும்ண்ணா," என்றாள் ஜெமீமா. குனிந்து கணுக்காலிலிருந்த அட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பெண்கள் பேச்சு வந்த பக்கமாகச் செடிகளுக்கு நடுவே நடக்க ஆரம்பித்தாள்.